ரத்தம் சொன்னதும் மூச்சு சொன்னதும்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் எல்லோரும் அவனைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. அது அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. காலையில் மற்றவர்களுக்கு முன்பே வந்து, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், கூடவே ஒரு காலி பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு டவர் கிரேனின் ஏணியில் ஏறினானென்றால், பொழுது சாய்ந்த பிறகுதான் தரையில் கால் வைப்பான். காலி பாட்டில் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். "அங்க நடுவானத்துல எவன் கக்கூஸ் கட்டி வச்சிருக்கான்?" என்பான். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு.

வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கிரேன் ஓட்டுவது என்றால் தூக்குவதும் இறக்குவதும்தானே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தூக்குவது இயந்திரத்தின் வேலை. தூக்கிய கம்பிக்கட்டு காற்றில் ஆட ஆரம்பித்தால் அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஓட்டுகிறவனின் வேலை. கட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்தி, அதன் போக்கிலேயே போய் நிறுத்த வேண்டும். பதறினால் காரியம் கெட்டது. கீழே கொக்கி மாட்டுகிறவர் வாக்கிடாக்கியில், "பருந்து, பூ மாதிரி வைப்பா" என்பார். பூ மாதிரியேதான் வைப்பான்.

இப்படிப்பட்டவன் ஒரு காலத்தில் மொடாக்குடியன். அதை மூடி மறைத்துக் கதை சொல்வதில் அர்த்தமில்லை. வேலை நேரத்தில் தொட்டதில்லை என்று சத்தியம் செய்வான், அது நிஜம்தான். ஆனால் கீழே இறங்கினால் நேராகக் கடைதான். கடையிலிருந்து வீடு வந்து சேர்வது மட்டும் அவனுக்கே தெரியாமல் நடக்கிற காரியமாக இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். அவள் மகள் கல்யாணத்தில் இவன் தள்ளாடிக்கொண்டே மேடை ஏறி, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "எங்க பொண்ணைக் கண்கலங்க வச்சா அத்தனை பேரையும் கிரேன்ல கட்டித் தூக்கிடுவேன்" என்று முழங்கி, முழங்கிய கையோடு பூந்தொட்டிகளின் மேல் குப்புற விழுந்தான். சபையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அன்றோடு அவள் வீட்டுக் கதவு அவனுக்குச் சாத்திக்கொண்டது.

ஆனால் குடியை விட்டது அந்த அவமானத்தால் அல்ல. ஒரு மாலை, மனைவி சாமான் வாங்கப் போயிருந்தபோது, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போயிருந்த சரக்கு கண்ணை இழுத்துக்கொண்டு போனது. விழித்துப் பார்த்தால் மடி காலி. குழந்தை உருண்டுவிட்டது என்று அவன் ஒவ்வொரு படியாகக் கையால் தடவிக்கொண்டே கத்திய கத்தலில் குடியிருப்பே கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள், தூங்கி வழிகிறவன் மடியில் குழந்தையை விட மனசு வராமல் எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் படுக்க வைத்திருந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த வெறும் மடி அவனை விடவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டு தொடவில்லை.

விட்டுவிட்டேன் என்றவுடன் நம்பிவிட அவன் மனைவி என்ன ஏமாளியா? "இதோட சரி" என்பதை எத்தனை தடவை கேட்டுக் காது புளித்தவள். மறுநாள் மாலை அவன் வந்ததும் வாசலை மறித்துக்கொண்டு, "ஊதுங்க" என்றாள். ஊதினான். முகத்துக்குக் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. வருஷங்கள் போகப் போக அது வீட்டு வழக்கமாகிவிட்டது. சந்தேகம் எப்போது எழுந்து போனது, கொஞ்சல் எப்போது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவன் ஊதாமல் உள்ளே நுழைந்தால் அவளுக்கு என்னவோ போல இருக்கும். அவள் கேட்க மறந்தால் அவன் வாசலிலேயே நின்று தொண்டையைக் கனைப்பான். மகள் பள்ளிக்கூடம் போகிற வயசு வந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். "அப்பா, ஊதுப்பா" என்று முன்னால் வந்து நின்று, மூக்கைச் சுளித்து, "வெங்காயம்! ஃபெயில்!" என்பாள்.

அந்த மாதிரி ஒரு வீட்டில்தான் இந்த ரத்தப் பரிசோதனை வந்து விழுந்தது.

வேறெங்கோ ஒரு வேலையிடத்தில் கிரேன் ஓட்டியவர் போதையில் சுவரை இடித்துவிட்டார் என்று செய்தி வந்தது. இங்கே கம்பெனி அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது. உயரத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை என்று பாதுகாப்பு அதிகாரி அறிவித்தார். அவர் யாரையும் அதிர்ந்து பேசாத மனிதர். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்துதான் தலையில் இடி மாதிரி விஷயங்கள் வரும். "மூச்சுல வாசனையை மறைச்சுடலாம். ரத்தத்துல மறைக்க முடியாது" என்றார். பருந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான். அவனுக்கு என்ன பயம்?

வாரக் கடைசியில் ஊற்றிக்கொள்கிறவனெல்லாம் தேறிவிட்டான். பருந்து தேறவில்லை.

கம்பெனி வழக்கப்படி வீட்டாரையும் வரவழைத்துத்தான் பேசினார்கள். அதிகாரி அவன் மனைவியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்: "ஒரு நாள் குடிச்சா வர்ற ரிசல்ட் இல்லம்மா இது. தினமும், வாரக்கணக்கா, அதிகமா குடிச்சாத்தான் இப்படி வரும்."

"நான் தொடவே இல்ல சார்" என்றான் பருந்து.

"வீட்டுல தினமும் ஊதிக் காட்டுவாரு சார். வாசனையே வராது" என்றாள் மனைவி. அவனுக்காகத்தான் சொன்னாள்.

"வாசனை வராம குடிக்கறதுக்கு ஆயிரம் வழி இருக்கும்மா" என்றார் அதிகாரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை அவள் காதுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

அன்று மாலை பருந்து வீட்டு வாசலில் நின்றான். மனைவி கதவைத் திறந்தாள். திறந்த கையோடு திரும்பி உள்ளே போனாள். மகள் ஓடிவந்தாள். "நீ உள்ள போய்ப் படி" என்று அம்மா குரல் மட்டும் வந்தது. குழந்தை அப்பாவையும் உள்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"ஊதட்டுமா?" என்றான்.

"எதுக்கு? இத்தனை வருஷம் முகர்ந்து பார்த்து நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பாத்திரத்தை விட்டெறிந்திருந்தால்கூடப் பொறுக்கிக் கொடுத்திருப்பான். கேட்காமல் விட்டுவிட்டாள் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கிரேனிலிருந்து அவனை இறக்கி, வாயிலில் தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் மேலே வேறொருவன் உட்கார்ந்திருந்தான். பருந்து என்று பெயர் வைத்தவர்களே அவன் நீட்டிய தலைக்கவசத்தை வாங்கும்போது முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதே முடிவு.

இதற்குப் பிறகு அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் உண்டே, தூக்கத்தில் எழுந்து குடிக்கிறவனும் இருப்பானோ? இருமல் மருந்தைத் தூக்கி எறிந்தான். சவரம் செய்த பிறகு தடவுகிற தண்ணீரைக் கழிவறையில் கொட்டினான். அதுவும் போதாமல் ஒரு நாள் மனைவி முன்னால் போய் நின்று, "என்னை உள் ரூம்ல வச்சுப் பூட்டிடு" என்றான்.

"என்ன பேசறீங்க?"

"அடுத்த டெஸ்ட் வரைக்கும் லீவு போட்டுட்டேன். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். சாப்பாடு நீ கொடு. குளிக்கறதுக்கு வெளிய வந்தா நீயே வாசல்ல நில்லு. அப்பவாவது நம்புவியா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே பூட்டினாள். கட்டிய மனுஷனை அடைத்து வைப்பது லேசான காரியமா? வாரக்கணக்கில் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மூடிய கதவின் அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கணக்கு வராத இடத்தில் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து அவன் சொல்லிக் கொடுப்பான். சுவரில் தலை சாய்த்துக்கொண்டு, இந்த முறை ரத்தம் தன் பக்கம் பேசும் என்று அவன் முழுசாக நம்பினான்.

மூன்றாவது முடிவும் வந்தது. இம்மியளவும் மாறவில்லை.

மனைவி அந்த உள் அறைக்குள் போய்ப் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினாள், மெத்தையைக் கிழித்தாள், ஜன்னல் கம்பியில் பாட்டிலை மேலே இழுக்கக் கயிறு கட்டிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பூட்டின ரூமுக்குள்ள எப்படிங்க குடிச்சீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு."

அவள் கையால் பூட்டிய பூட்டு. அவள் முந்தானையில் முடிந்த சாவி. அதைவிட ரத்தம் பார்க்கிற மெஷினைத்தான் நம்பினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷம் ஏமாந்தவள்.

அடுத்த நாள் பருந்து ரத்தம் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டான். உள்ளே விட மாட்டேன் என்ற வாயிற்காவலரிடம் மல்லுக்கு நின்றான். சத்தம் கேட்டு, வெள்ளை அங்கி போட்ட ஒரு டாக்டரம்மா வெளியே வந்தாள். அவளுடைய சொந்த வேலை ஆராய்ச்சி. கம்பெனிகளின் பரிசோதனை உபரி வேலை. "என் ரத்தம் பொய் சொல்லுது மேடம்" என்றான் அவன். பைத்தியக்காரன் என்று விரட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தான். அவள் உட்காரச் சொல்லி, பூட்டிய அறை வரைக்கும் கேட்டாள். பிறகு கணினியில் மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடிச்சா ஏறும், நிறுத்தினா இறங்கும். அப்படித்தான் இருக்கணும்" என்றாள். "உங்களுது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துக் காட்டினாள். அடியில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் திரவம்.

"இது பேரு டிரான்ஸ்ஃபெரின். நம்ம எல்லார் ரத்தத்துலயும் இருக்கற புரதம். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"டவர் கிரேன். இரும்பு தூக்கி இறக்கறது."

"அதே வேலைதான் இதுக்கும்." அவள் முகத்தில் சின்னதாகச் சிரிப்பு வந்து போனது. "ரத்தத்துல இரும்பைத் தூக்கிட்டுப் போய், வேணும்ங்கற இடத்துல இறக்கி வச்சுட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பி வரும். உடம்புக்கு வெளிய தட்டுல செல் வளர்க்கறோம் பாருங்க, அதுக்கும் இதைத்தான் ஊட்டறோம். இல்லைன்னா செத்துப் போயிடும். மூளைக்குள்ள சாதாரணமா மருந்து நுழையாது. இதுமேல மருந்தை ஏத்தி அனுப்பினா உள்ள விடுமான்னு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி."

"அதுக்கும் என் குடிக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"இதுல வால் மாதிரி சர்க்கரைச் சங்கிலி தொங்கும். ரொம்பக் குடிக்கறவங்களுக்கு அந்த வால் உதிர்ந்து போகும். வால் இல்லாதது எவ்வளவுன்னு எண்ணறதுதான் இந்த டெஸ்ட். ஆனா ரொம்ப அபூர்வமா சிலருக்குப் பிறக்கும்போதே டிரான்ஸ்ஃபெரின் கொஞ்சம் வேற மாதிரி அமைஞ்சிருக்கும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. வாலும் ஒழுங்கா இருக்கும். ஆனா உங்க கம்பெனி கேக்கற இந்தப் பழைய முறைக்கு வித்தியாசம் தெரியாது. வால் இல்லாததுன்னே எண்ணிடும்."

பருந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அப்ப இதை அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்!"

"சந்தேகம்னு எழுதித் தரலாம். சந்தேகத்தை அவங்க ஏத்துக்க மாட்டாங்க. நிச்சயமா பிரிச்சுப் பார்க்கற கருவி இங்க இல்ல. அனுப்பினா மாசக்கணக்குல ஆகும். உங்க கூடப் பிறந்தவங்க யாராவது குடியே தெரியாதவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இதே மாதிரி வந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனா வந்தே தீரும்னு சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு." பிறகு தயங்கித் தயங்கி, "உங்க ரத்தத்துல இன்னும் கொஞ்சம் எங்க ஆராய்ச்சிக்குக் கொடுப்பீங்களா? இந்த மாதிரி கிடைக்கறது கஷ்டம்" என்றாள்.

"என் குடும்பமே சந்தி சிரிக்குது. உங்களுக்கு ஆராய்ச்சி கேக்குதா?" என்று வெடித்துவிட்டான். அவள் முகம் சிறுத்துவிட்டது. உடனே கையை நீட்டி, "எடுத்துக்கங்க மேடம். இது யாருக்காவது உதவட்டும்" என்றான்.

மனைவியிடம் இதைச் சொன்னான். "பிறவியிலயே அப்படியாம்" என்றதும் அவள் வேகவேகமாகத் துணி மடித்துக்கொண்டே, "குடிக்கறவனுக்குக் காரணமா கிடைக்காது?" என்றாள். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது அக்கா. கல்யாண மேடைக்குப் பிறகு அவன் மிதிக்காத வாசல். அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைகட்டி நின்றான். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் அக்காவின் பாதி முகம்; தலை நரைத்திருந்தது.

"அக்கா."

"என்ன?"

"கொஞ்சம் ரத்தம் வேணும்க்கா."

கேட்டது எவ்வளவு கேனத்தனமாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"இத்தனை காலம் என் ரத்தத்தைக் குடிச்சது பத்தலையா? பாட்டில்ல வேற வேணுமாக்கும்?"

அவன் வாலையும் சங்கிலியையும் கிரேனையும் போட்டுக் குழப்பி அடித்தான். டாக்டரம்மா சொன்னபோது தெளிவாக இருந்ததெல்லாம் அவன் வாயில் குடிகாரன் பேச்சாக மாறி வந்தது. "சத்தியமா குடிக்கலக்கா. என் பொண்ணு மேல சத்தியம்."

"குழந்தையை இழுக்காதேடா!" என்றாள் அக்கா. "எத்தனை சத்தியம் கேட்டுட்டேன் உன் வாயால. போ."

கதவு மூடிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தின் முகவரி எழுதிய துண்டுத்தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு பேச்சு மூச்சு இல்லை.

கம்பெனி வைத்த விசாரணை நாளில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா எழுதித் தந்த சந்தேகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "சந்தேகம் என்பது நிரூபணம் ஆகாது. வேலையிலிருந்து நீக்குகிறோம்" என்றார் நடுவில் இருந்தவர். பாதுகாப்பு அதிகாரி வழக்கம்போல மெதுவாகச் சொன்னார்: "இனிமே எங்கயும் உங்களைக் கிரேன்ல ஏத்த மாட்டாங்க. நிஜமா சொல்றேன், எனக்கே வருத்தமா இருக்கு. குடியை விடறதுக்கு நல்ல மையங்கள் இருக்கு. போய்ச் சேருங்க."

விட்டாயிற்று என்று கத்த வேண்டும் போலிருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

வெளியே வந்தவன் நேராகக் கடைக்குப் போனான். வழி மறக்கவே இல்லை. கால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வாங்கிக்கொண்டு, வேலையிடத்து வேலிக்குப் பின்னால், அடுக்கிக் கிடந்த சிமென்ட் குழாய் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தான். ரத்தம் சொல்கிறது, அதிகாரி சொல்கிறார், அக்கா சொல்கிறாள், பெண்டாட்டி சொல்கிறாள். குடிக்கவில்லை என்று சொல்ல உலகத்தில் அவன் ஒருவன்தான் பாக்கி. அவனும் சொல்வதை நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மூடியைத் திருகித் திறந்து அண்ணாந்தான்.

எரிந்துகொண்டு இறங்கியது. சுகமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியக் குடித்தான். குழாயின் வட்டத்துக்குள் கிரேனின் கை தெரிந்தது. மேலே இருந்த புது ஆள் கம்பிக்கட்டைத் தூக்கியிருந்தான், அது ஆடிக்கொண்டிருந்தது. அவன் பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுக்க, ஆட்டம் இன்னும் கூடியது. "அதும்போக்குல போடா, அதும்போக்குல போ" என்று பருந்து வாய்விட்டுச் சொன்னான். அவன் வலது கை தானாக நகர்ந்து, இல்லாத பிடியைப் பிடித்து, அந்த ஆட்டத்தை அடக்கப் பார்த்தது. கட்டு எப்படியோ தட்டுத்தடுமாறி இறங்கிவிட்டது. அவன் தன் கையைப் பார்த்தான். இன்னொரு கையில் பாட்டில். பாதி இருந்தது. மண்ணில் கவிழ்த்துவிட்டு, அது உறிஞ்சிக்கொள்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து, எழுந்து வீட்டுக்கு நடந்தான்.

படியேறி வரும்போதே மேலே பேச்சுக் குரல் கேட்டது. வீட்டு வாசலில் அகலமான ஒரு ஜோடிச் செருப்பு. அக்காவின் கால் அளவு அவனுக்குத் தெரியும். பாதிப் படியிலேயே நின்றுவிட்டான்.

அவனைப் பார்த்ததும் அக்காதான் முதலில் வெளியே வந்தாள். "வாடா வா! இப்ப நானும் உன் கட்சிதான். மருந்துக்குக்கூட நான் அந்தச் சனியனைத் தொட்டதில்ல. அந்த டாக்டரம்மா இன்னிக்குக் கூப்பிட்டு, 'அம்மா, மெஷின் சொல்றபடி நீங்க மொடாக்குடி'ங்கறா! இந்த வயசுல எனக்கு இந்தப் பேரு தேவையா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்; ஆனால் கன்னம் நனைந்திருந்தது. "நீ போனப்புறம் தூக்கமே இல்லடா எனக்கு. அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு நானே போனேன். கம்பெனிகிட்டயும் அந்தம்மா பேசிட்டாங்க. நாளைக்கு உன்னைக் கூப்பிடுவாங்களாம்."

அக்காவுக்குப் பின்னால் மனைவி நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வாசல்படியைத் தாண்டி வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"உங்களை ரூம்ல போட்டுப் பூட்டினேனே. மெத்தையைக் கிழிச்சேனே. என்னை என்ன செஞ்சாலும் தகும்ங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இனிமே இந்த வாசல்ல உங்களை ஊதச் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். நீங்க வாயால சொன்னாலே போதும் எனக்கு."

பருந்து படியிலேயே நின்றான். கீழே முற்றத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. முகம் கழுவி வருகிறேன் என்று இறங்கிப் போய், வாயைக் கொப்பளித்து, கொஞ்ச நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. அந்த மெஷினுக்கும் தெரியாது. ஒரு நாள் குடியை அது கண்டுகொள்வதில்லை என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார். இனி அவனை யாரும் கேட்கப் போவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்னதெல்லாம் செல்லும்.

"ஏண்டா மரம் மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து மகள் பாய்ந்து வந்தாள். அம்மா தடுக்கவில்லை. எத்தனை நாள் கழித்து! "அப்பா, ஊதுப்பா!" என்று கையை விரித்துக்கொண்டு படியில் இறங்கினாள். அவன் அவசரமாகக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துத் தூரத்திலேயே நிறுத்தினான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ வேணாம் கண்ணு. அத்தைகிட்ட நில்லு."

மேலே ஏறி மனைவிக்கு முன்னால் போய் நின்றான்.

"ஊதச் சொல்லு."

"வேணாங்க. அதான் சொன்னேனே."

"சொல்லு."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, "ஊதுங்க" என்றாள். சத்தமே வரவில்லை.

அவன் ஊதினான்.

அவள் பின்வாங்கவில்லை. நிலையைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்தன. அக்காவுக்கும் வாடை எட்டிவிட்டது. "அடப்பாவி!" என்று ஆரம்பித்தவளை மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எப்போ?"

"இப்பதான். வேலை போச்சுன்னு சொன்னப்புறம்."

"எவ்வளவு?"

"பாதி. மீதியைக் கொட்டிட்டேன்."

"இதுக்கு முன்னாடி?"

"இல்ல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள், யாரும் நகரவில்லை.

"நான்தான் கேக்க மாட்டேன்னுட்டேனே. சொல்லாம இருந்திருக்கலாமே நீங்க."

"நீ கேக்காம விட்டதுலதான் நான் செத்தேன்" என்றான். அதற்கு மேல் முடியவில்லை; பெரிய உடம்பு குலுங்க, குழந்தை பார்க்கிறது என்றும் பாராமல், அந்த வாசலிலேயே விம்மி விம்மி அழுதான்.

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அந்த நாற்றத்தோடேயே துடைத்தாள்.

"நாளைக்கும் ஊதணும்" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"நாளன்னைக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்று உள்ளே வழிவிட்டாள்.